வாகரைக்கு வந்த பாதரசம்

சுவரொட்டிகள் கசங்காமல் இருக்கட்டும் என்று சென்னையில் எங்கள் ஆய்வு மையத்தில் அவற்றைச் சுருட்டி, ஒரு பி.வி.சி. குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி அடைத்துக் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். போர் முடிந்து அதிக காலம் ஆகாத ஒரு நாட்டுக்குள் அதைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தால் என்னவாகத் தெரியும் என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுவரொட்டியில் ஒரு பெரிய மீன். மீன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அதன் கீழே ‘பாதரசம்! கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கவனிக்கவும்’ என்று கொட்டை எழுத்து. எந்த மீனை விட வேண்டும், எதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்பதெல்லாம் அதற்கும் கீழே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். இதை இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள வாகரையில் ஒட்டி, அங்கே மீனவர் சங்கத்தில் ஒரு கூட்டம் பேசிவிட்டு நான் திரும்ப வேண்டும். என் அப்பா மீன் பின்னால் போய், தெரியாமல் எத்தனையோ தடவை இலங்கைக் கடலுக்குள் வந்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து கடவுச்சீட்டோடு வந்த முதல் ஆள் நான்தான். பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான்.

மட்டக்களப்பில் என்னை அழைத்துப் போக ஆட்டோவோடு வந்தவர் அன்ரன். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பம். சாம்பல் நிறக் கண்கள், நல்ல கறுப்பு, கழுத்தில் சிலுவை. வண்டி ஓட்டுவார், வண்டிக்கு வர்ணமும் அடிப்பார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மச்சான், கவனம். எங்கட ஊருக்கு வாற ஆம்பிளையளப் பொம்பிளையள் மந்திரம் போட்டுப் பாயோட ஒட்டவெச்சிருவாங்க.”

“நான் பாயே இல்லாம தரையில படுத்துக்கிறேண்ணே.”

“தரையில படுத்தா நுளம்பு தூக்கிட்டுப் போயிரும். பாயே நல்லம்.” நுளம்பு என்பது எங்கள் ஊர்க் கொசு.

காலையில் கடையில் பாணும் தேங்காய்ச் சம்பலும் வந்தது. பாண் என்பது ரொட்டிதான். எங்கள் ஊரில் அது காய்ச்சல்காரனுக்கு வாங்கித் தருவது; கடையில் வாங்கினாலே “வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்பார்கள். இங்கே நல்ல உடம்போடு இருப்பவர்கள் அதைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். இரண்டாவது துண்டில் எனக்கும் காய்ச்சல் நினைவு போய்விட்டது. பாலில்லாத தேநீருக்குப் பழக மட்டும் கொஞ்ச நேரம் ஆனது.

வாகரை வழியில் ஒரு சோதனைச் சாவடி. ஆட்டோவுக்குள்ளிருந்து குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிப்பாய் ஒருவர் ஓடி வந்தார். “இறங்கு” என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சிங்களம் தேவைப்படவில்லை. குழாயைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அன்ரன் இரண்டு கைகளையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு ஏதோ வேகமாகச் சொன்னார். பிறகு நானே மூடியைத் திறந்து, சுவரொட்டியை இழுத்து விரித்துக் காட்டினேன்.

சிப்பாய்க்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ கேட்டார். அன்ரன் மொழிபெயர்த்தார்: “மீன் தின்னக்கூடாதாமோ எண்டு கேக்கிறார்.”

“அப்படியில்லன்னு சொல்லுங்க. எல்லா மீனும் இல்ல. பெரிய மீன். அதுவும் கர்ப்பிணிகள்...”

அன்ரன் சொன்னார். சிப்பாய் சிரித்துக்கொண்டே மறுபடியும் படத்தைச் சுட்டினார். “அப்ப ஏன் முழு மீனுக்கும் கோடு போட்டிருக்கு எண்டு கேக்கிறார்” என்றார் அன்ரன். நான் சுவரொட்டியைச் சுருட்டி உள்ளே போட்டேன்.

கொஞ்ச தூரத்தில் ஆட்டோ நின்றது. அன்ரன் இறங்கி, இயந்திரத்தைப் பார்த்து எனக்குப் புரியாத பாஷையில் நீளமாக ஏசினார். “போர்த்துக்கேயம். எங்கட வீட்டுப் பாஷை. தமிழ்ல ஏசினா இது கணக்கெடுக்காது” என்றார். அன்று போர்த்துக்கேயத்தையும் அது கணக்கெடுக்கவில்லை. வேலியோரம் மண்சட்டியில் எருமைத் தயிர் விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஒரு சட்டி வாங்கி, வெல்லப்பாகு மாதிரியான பாணியை ஊற்றி, இருவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். சட்டி காலியானதும் அன்ரன் ஒரு கம்பியை முறுக்கினார், வண்டி கிளம்பியது.

வாகரையில் கடலோரம் போனால் வீடுகள் இல்லாமல் தரைகள் மட்டும் இருந்தன. இது சமையலறை, இது முன்கட்டு என்று சிமெந்துத் தரை சொல்லும்; சுவர்களை ஆழிப்பேரலை கொண்டுபோயிருந்தது. அதில் மிச்சம் இருந்ததைப் போர் எடுத்துக்கொண்டது. அந்தத் தரைகளின் மேல் வலைகளைக் காயப்போட்டிருந்தார்கள். நானும் அன்ரனும் சங்கக் கட்டடத்திலும் ஆஸ்பத்திரி மதிலிலும் கடைச் சுவரிலுமாகச் சுவரொட்டிகளை ஒட்டிவிட்டு, மாலையில் எனக்குத் தங்க ஏற்பாடு செய்திருந்த வீட்டுக்குப் போனோம்.

வீட்டுக்காரி தங்கேஸ்வரி. கூடையில் மீன் சுமந்து ஊருக்குள் விற்பவர். என் அம்மா செய்வதும் இதே வேலைதான். மகள் சுதா பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருந்தாள். மருமகன் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போகும் பெரிய படகு ஒன்றில் வேலை. வாசலுக்கே பூண்டும் மிளகும் சுறாவும் சேர்ந்த வாசனை வந்தது.

“பால்சுறா வறை தம்பி. புள்ளப் பெத்தவளுக்கு. உங்கட ஊர்ல என்ன குடுக்கிற?”

“இதேதான் அக்கா. நாங்க சுறாப்புட்டுன்னு சொல்வோம்.”

“அப்ப நம்மட ஆக்கள்தான். இருங்க, சாப்பிடுங்க.”

எனக்கு மணலை மீன் குழம்பும் சோறும் வந்தது. உதிர்த்து வறுத்த சுறா, ஒரு கோப்பை நிறைய உள்ளே சுதாவுக்குப் போனது. தாய்மார்களிடம் இதை எப்படிப் பேசுவது என்று நாளைய கூட்டத்துக்கு யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மறுநாள் கூட்டம் நடக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் தங்கேஸ்வரி திரும்பி வந்தார். தலையில் கூடை, போனபோது இருந்த அதே நிறை. கையில் கிழித்தெடுத்த சுவரொட்டி. நேற்று ‘நீங்க’ என்றவர் இன்றைக்கு அந்த மரியாதையை வழியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“இது உன்ர வேலையோ மனே?” மகனே என்பதை அவர்கள் இப்படித்தான் சுருக்குகிறார்கள், கோபத்திலும் அதுதான்.

“ஆமா அக்கா.”

“ஒரு வேலிப் படலை திறக்கல்ல. ‘மீன்ல நஞ்சாம், இந்தியாவில இருந்து பெரிய ஆள் வந்து ஒட்டியிருக்கார்’ எண்டு வேலிக்கு அங்கால நிண்டு சொல்றாளுகள். பெரிய ஆள் எங்கட வீட்டுச் சோத்தத் திண்டுட்டு இரிக்கார்.”

“கீழ எழுதியிருக்கு அக்கா. சின்ன மீன் சாப்பிடலாம்னு...”

“கூடையத் தலையில வெச்சுக்கிட்டுக் குனிஞ்சு வாசிக்க ஏலுமா? உனக்கு ஏலுமெண்டா வாசிச்சுக் காட்டு.”

வாசலில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த அன்ரன் அதை அணைத்துவிட்டார். தங்கேஸ்வரி கூடையை இறக்கினார். சூடை, நெத்தலி, கொஞ்சம் இறால், களப்பில், அதாவது உப்பங்கழியில், பிடித்த மணலை. என் சுவரொட்டியின் எறும்பு எழுத்தில் ‘தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று போட்டிருந்த மீன்கள் அத்தனையும் அங்கே வாடிக்கொண்டிருந்தன.

“சுனாமிக்குப் புறகும் இப்பிடித்தான் சொன்னாங்க. மீன் சவத்தத் திண்டதாம், தொடக்கூடாதாம். கடல் எல்லாத்தையும் கொண்டு போயிட்டு, மீன் ஒண்டத்தான் மிச்சம் வெச்சது. அதையும் வேணாம் எண்டாங்க.” அவர் குரல் உயரவில்லை. “எண்ட மனிசனையும் கடல்தான் கொண்டு போனது. முகாம்ல எல்லாரும் பாக்க நான்தான் முதல் மீனச் சுட்டுத் திண்டன். எண்ட மனிசனத் திண்ட மீனெண்டா, அதத் திங்க என்ன விட ஆருக்கு உரிமை எண்டு கேட்டன். மறுகாதான் மத்தவங்க வாங்கினாங்க. இப்ப நீ வந்து கோடு போடுறாய்.”

படத்தில் இருந்தது தப்பே தவிர, பாதரசம் பொய்யில்லை. உள்ளே குழந்தை அழுதது.

“அக்கா, சுதாவுக்குச் செஞ்ச சுறா மிச்சம் இருக்கா? உதிர்க்காதது?”

என்னை முறைத்துக்கொண்டே ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உப்பும் மஞ்சளும் தடவிய ஒரு துண்டு. நடுவே முதுகெலும்பின் வட்டு, சோடா மூடியைவிடப் பெரிது. பால்சுறாவுக்கு அந்த வட்டு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். எங்கள் வீட்டில் சுறாவை அறுத்தால் அந்த வட்டுகளை நூலில் கோர்த்து விளையாடுவோம்.

“இது பால்சுறா இல்ல அக்கா.”

“பால்சுறா எண்டுதான் தந்தவங்க. வாழைச்சேனையில இருந்து மருமகன்தான் அனுப்பினவன்.”

விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. சண்டை நடந்த காலத்தில் படகுகள் கரையை விட்டுத் தூரம் போக முடியாது. கரையோரத்தில் கிடைத்த சின்னச் சுறாதான் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போனது. இப்போது கடல் திறந்துவிட்டது. பெரிய படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போகின்றன. ஆள் நீளச் சுறாக்கள் வருகின்றன. அவற்றைத் துண்டாக்கி அதே பழைய பெயரில் விற்கிறார்கள். சமாதானம் வந்ததும் பத்தியத்தில் சுறா வளர்ந்துவிட்டது. சின்னச் சுறாவிலும் சூடையைவிடப் பாதரசம் அதிகம்தான். இது அதையும் விடப் பல மடங்கு.

நான் அதைச் சொன்னேன். கடலுக்கு அடியில் மண்ணில் கிடக்கும் குப்பையில் சின்னக் கிருமிகள் பாதரசத்தைச் சதையில் ஒட்டுகிற நஞ்சாக மாற்றுவதையும், அதைச் சிறு உயிர் தின்று, அதை மீன் தின்று, அதைப் பெரிய மீன் தின்று, ஒவ்வொரு வாயிலும் சேர்ந்துகொண்டே போவதையும் சொன்னேன். வருடக்கணக்காகத் தின்று வாழும் சுறாவில்தான் வந்து குவியும். கழுவினால் போகாது, வறுத்தாலும் போகாது. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளரும் காலத்தில்தான் அதிகக் கெடுதல். பால் வழியாகக் கொஞ்சம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. சூடை குறைந்த நாளே வாழும், சின்னதைத்தான் தின்னும். அதனால் அதில் மிகக் கொஞ்சம்தான்.

தங்கேஸ்வரி வட்டை விரலால் தடவினார். “கடலுக்குள்ள பாதரசத்த ஆரு கொண்டுபோய்ப் போட்டது? நாங்களா?”

“இல்லக்கா. எரிமலையிலயிருந்து கொஞ்சம் வரும். ஆனா மனுஷன் போட்டதுதான் அதிகம். நிலக்கரி எரிக்கிற புகையில வருது. காத்துல எத்தனையோ நாடு தாண்டி, மழையோட கடல்ல விழுது. எங்க வீட்டு மொட்டைமாடியில நின்னாலே அப்படி ஒரு புகைக்கூண்டு தெரியும். அப்புறம் தங்கம் தோண்டுறவங்க. மண்ணுல இருக்கிற தங்கத்தூளைச் சேக்கப் பாதரசத்தைக் கலப்பாங்க. பிறகு அதைச் சுட்டுத் தங்கத்தை எடுப்பாங்க. பாதரசம் ஆவியா மேல போயிடும்.”

“தங்கமோ?” அவர் கழுத்தைத் தடவினார். அங்கே ஒரு மஞ்சள் நூல்கூட இல்லை. “எண்ட தாலியக் கடல் கொண்டு போச்சு. மகள்ற காதுத் தோட்ட, சண்டைக்குள்ள ஓடக்குள்ள வித்துத் திண்டம். தங்கம் போட்டவள் எங்கயோ இரிக்காள். அந்தத் தங்கத்திர நஞ்சு மட்டும் எண்ட பேரப்புள்ளைர வாய்க்கோ? கேக்க ஒருத்தரும் இல்லையோ?”

அப்போது உள்ளேயிருந்து சுதாவின் குரல் வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றாள்.

“அம்மா, எனக்குச் சூடைச் சொதி போதும். சுறாவால பால் சுரக்கிறல்ல, புள்ள குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும் எண்டு ஆஸ்பத்திரி மிட்வைப் அக்கா அண்டைக்கே சொன்னவ. நீங்கதான் கேக்கல்ல.”

“அவளுக்குப் புள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. அவள்ற கதையக் கேக்கிறதோ?”

“அப்ப இவருக்கு எத்தின புள்ள?” என்று என்னைக் காட்டினாள். அன்ரன் சிரித்துவிட்டார். தங்கேஸ்வரி சிரிக்கவில்லை. ஆனால் சட்டியை எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய், துண்டைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். நாய்கூடத் தோண்ட முடியாத ஆழம்.

“எண்ட மகளுக்கு நீ சொன்னது போதும். ஊருக்கு ஆர் சொல்லுற? இந்தக் கூடைய ஆர் வாங்குற?”

சென்னைக்கு, என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். படத்தை மாற்ற வேண்டும் என்றேன். செய்தி எளிமையாக இருந்தால்தான் மக்களுக்குப் போய்ச் சேரும் என்றார் அவர். போய்ச் சேர்ந்துவிட்டது சார், அதுதான் பிரச்சினை என்றேன். புகைக்கூண்டையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். அதெல்லாம் நம் வேலையில்லை, பணம் தருகிறவர்கள் தாய்சேய் நலத்துக்குத்தான் தருகிறார்கள், மீனோடு நிறுத்திக்கொள் என்றார். சரி என்று நான் சொல்லவில்லை. இணைப்பைத் துண்டித்தேன். என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியின் பேச்சு முடியும் முன்னால் நான் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஒட்டியதையெல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தோம். குழாயில் இன்னும் கொஞ்சம் சுவரொட்டிகள் மீதி இருந்தன. அன்ரன் ஆட்டோவுக்கு அடிக்கும் வர்ண டப்பாக்களை எடுத்தார். மீன் மேலிருந்த சிவப்பை நீல வர்ணத்தால் மறைத்து, அதைக் கடலாக்கினார். மேலே ஒரு புகைக்கூண்டு வரைந்து, சிவப்புக் குறியை அதன் மேல் போட்டார். கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. காயவைத்திருந்ததை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், “ஐயோ, இனிக் கோயிலுக்கும் போகக்கூடாதாமோ?” என்றாள்.

புகைக்கூண்டு தேவாலயக் கோபுரம் மாதிரிதான் இருந்தது. ஆட்டோக்களில் தேவாலயம் வரைந்தே பழகிய அன்ரனின் கை வேறென்ன வரையும்? புகையைக் கொஞ்சம் கூட்டினார். அப்போது கோபுரம் தீப்பற்றியது போலானது.

“படத்த விடு மனே” என்றார் தங்கேஸ்வரி. “வாயத் திற. நீ ஒட்டினதுதானே? நீயே வந்து சொல்லு.”

அப்படித்தான் அன்று பின்னேரம், ஐஸ் போட்டு வைத்திருந்த கூடையோடு போன அவர் பின்னால் நான் நடந்தேன். முதல் படலையில் ஒரு பெண் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். இரண்டாவதில் கதவே சாத்தப்பட்டது. மூன்றாவதில் நான் தங்கேஸ்வரியை நிறுத்தினேன்.

“கூடையை என்கிட்டக் குடுங்கக்கா.”

“படிச்ச புள்ள, உனக்கென்னத்துக்கு?”

என் அம்மாவும் இதையேதான் சொல்வாள். மீன் கூடையோடு ஏறினால் எங்கள் ஊர் பஸ்ஸில் நடத்துநர் விசிலடித்து இறக்கிவிடுவார். அவள் வெயிலில் நடப்பாள். இந்தச் சும்மாடு என்னோடு போகட்டும் என்று சொல்லித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அந்தப் படிப்பை வைத்து நான் இன்னொரு அம்மாவின் கூடைக்கு மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

தங்கேஸ்வரி சும்மாட்டைச் சுற்றி என் தலையில் வைத்தார். கூடை ஏறியது. ஐஸ் தண்ணீர் காதோரமாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

“சூடை! நெத்தலி! இறால்! மணலை!” என்று கத்தினேன். “புள்ளத்தாய்ச்சி சாப்பிடலாம்! புள்ளைக்குப் பால் குடுக்கிறவங்க சாப்பிடலாம்! பெரிய சுறா மட்டும் வேணாம்!”

“சினிமாவில கதைக்கிற மாதிரி இரிக்கு” என்று ஒரு வேலிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. சிரித்தவள் வெளியே வந்தாள். நிறைமாதம். இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: “நீங்கதானே நஞ்செண்டு ஒட்டின?”

“ஆமா. படம் தப்பு. மீன் சரி. சுறா, பெரிய சூரை ரெண்டையும் விடுங்க. இதைச் சாப்பிடுங்க.”

“நீங்க திம்பீங்களோ?”

“நேத்திலயிருந்து அதைத்தான் இவங்க வீட்ல தின்னுட்டிருக்கேன்.”

“திண்டுட்டு உசிரோடதான் இரிக்கான் புள்ள, வாங்கு!” என்றார் தங்கேஸ்வரி. “அப்பிடிச் செத்தாலும் எண்ட வீட்டிலதான் சாவான், உன்ர வீட்டில இல்ல.”

அவள் சூடை வாங்கினாள். அவள் வாங்கியதைப் பார்த்து எதிர்வீட்டுப் படலை திறந்தது. கூடை காலியாகவில்லை. ஆனால் தலையில் பாரம் குறைவது தெரிந்தது. அடுத்த நாட்களிலும் நடந்தோம். சங்கத்து ஆண்கள், “கூட்டம் வேணாம் தம்பி, உங்கட குரல் கடல் வரைக்கும் கேக்குது” என்றார்கள். மருமகன் வந்தபோது, பெரிய சுறாவைப் பால்சுறா என்று வீட்டுக்கு அனுப்பியதற்காகத் தங்கேஸ்வரி அவரைப் படலைக்கு வெளியிலேயே நிறுத்திவைத்து ஏசினார். அன்ரன் பக்கத்தில் நின்று, “தமிழ்லயே இவ்வளவு இரிக்கோ!” என்று வியந்தார்.

புறப்படும் நாள், வர்ணம் அடித்த சுவரொட்டிகளை நான் அங்கேயே விட்டுப்போக இருந்தேன். தங்கேஸ்வரி அவற்றைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டு, மூடியைத் தானே அடித்து இறுக்கினார்.

“இத இஞ்ச ஒட்டி என்ன செய்யுற? இந்தப் புகை எங்க இருந்து வருதோ, அங்க கொண்டுபோய் ஒட்டு.”

திரும்பும் வழியில் அதே சாவடி. அதே சிப்பாய். குழாயை அடையாளம் கண்டு, சிரித்துக்கொண்டு, ஆனாலும் திறக்கச் சொன்னார். விரித்துக் காட்டினேன். மீன் மேலிருந்த குறி போயிருப்பதைப் பார்த்தார். மேலே இருந்ததைச் சுட்டி ஏதோ கேட்டார்.

“கோயிலோ எண்டு கேக்கிறார்” என்றார் அன்ரன், மனம் நொந்து.

“நிலக்கரி எரிக்கிற புகைக்கூண்டுன்னு சொல்லுங்க. எங்க ஊர்ல இருக்கு. அங்கதான் ஒட்டப் போறேன்.”

சிப்பாய் இன்னொரு கேள்வி கேட்டார். “ஒட்டுறதுக்கு உங்கட ஊர்ல அனுமதி இரிக்கோ எண்டு கேக்கிறார்.”

“அந்தப் புகை அக்கா வீட்டுச் சட்டிக்குள்ள வரும்போது யார்கிட்ட அனுமதி கேட்டுச்சுன்னு கேளுங்க.”

அன்ரன் என்னைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். “இதச் சொல்லத்தான் வேணுமோ மச்சான்?”

“சொல்லுங்கண்ணே.”

சொன்னார். சிப்பாய் துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிவிட்டு, சுவரொட்டியைக் கசங்காமல் தானே சுருட்டி, குழாய்க்குள் செருகி, மூடியை அழுத்தி அடைத்து என் கையில் தந்தார்.